சீசரின் முகம் யாருடையது?

கேள்வி இது: "வார் ஃபார் த பிளானட் ஆஃப் த ஏப்ஸ் படத்தில் சீசராக நடித்தவர் ஆண்டி செர்கிஸ் என்கிறார்கள். ஆனால் திரையில் தெரிவது கணினியில் உருவாக்கிய சிம்பன்சி. அப்படியென்றால் அதில் அவருடைய நடிப்பு எவ்வளவு, அனிமேட்டர்களின் வேலை எவ்வளவு? சீசரின் மூன்று படங்களில் கடைசிப் படத்தை மட்டும் இவ்வளவு உயர்த்திப் பேசுவது ஏன்?"

நான் வி.எஃப்.எக்ஸ் (விஷுவல் எஃபெக்ட்ஸ்) துறையில் இருப்பவன். ஃப்ரேமில் இருக்கும் உருவத்தை விளிம்பு வரைந்து பிரித்தெடுக்கும் ரோட்டோவில் தொடங்கி, நிஜக் கேமராவின் நகர்வைக் கணினியில் மறுபடி உருவாக்கும் மேட்ச்மூவுக்கு வந்தேன். அசைவைப் பதிவு செய்வதற்கான சாம்பல் நிற உடை போட்ட நடிகர்களை ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்த்தே பல மாதங்கள் கழிந்திருக்கின்றன. அதனால் இந்தக் கேள்வி எனக்கு நெருக்கமானது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். படத்தின் முடிவு வரை பேச வேண்டியிருக்கிறது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

சுருக்கமான பதில் முதலில். சீசர் எந்த நொடியில் எதை உணர்கிறான், எப்போது மூச்சை உள்ளே இழுக்கிறான், எப்போது கண்ணைத் தாழ்த்துகிறான் என்பதெல்லாம் செர்கிஸ் செய்தது. அந்த உணர்ச்சி ஒரு சிம்பன்சியின் முகத்தில் எப்படித் தெரிய வேண்டும் என்பதைத் தீர்மானித்தது நியூசிலாந்தின் வெல்லிங்டனில் இருக்கும், இப்போது வேட்டா எஃப்.எக்ஸ் எனப்படும் வேட்டா டிஜிட்டல் நிறுவனக் கலைஞர்கள். இதைப் பாதிக்குப் பாதி என்றோ எழுபதுக்கு முப்பது என்றோ பிரிக்க முடியாது. பாட்டில் மெட்டு எவ்வளவு, குரல் எவ்வளவு என்று கேட்பது போல. ஆனால் ஏன் பிரிக்க முடியாது என்பதைச் சொல்லாமல் விட்டால் அது தப்பிக்கும் பதிலாகிவிடும். அதனால் வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

மோஷன் கேப்சர், அதாவது நடிகரின் அசைவைக் கணினியில் பதிவு செய்யும் முறை, என்றதும் பலரும் நினைப்பது, உடம்பெல்லாம் புள்ளி ஒட்டிக்கொண்டு ஒரு காலி அறைக்குள் ஓடியாடும் நடிகரை. ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. உடையில் இருக்கும் பளபளப்பான சின்ன உருண்டைகள் மீது கேமராக்களைச் சுற்றியுள்ள விளக்குகள் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சும்; திரும்பி வரும் ஒளியை வைத்து ஒவ்வொரு உருண்டையும் எங்கே இருக்கிறது என்று கணக்கிடுவார்கள். இதில் ஒரு சிக்கல். வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு. வெளியே போனால் உருண்டைகளின் ஒளியைச் சூரிய ஒளி விழுங்கிவிடும். ஆகவே மோஷன் கேப்சர் நடிகர் பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார், மற்ற நடிகர்களிடமிருந்து தனியாக.

லார்ட் ஆஃப் த ரிங்ஸ் படங்களில் கோலம் (Gollum) என்ற பாத்திரமாக வந்ததும் இதே செர்கிஸ்தான். அங்கே அவர் படப்பிடிப்புத் தளத்தில் மற்றவர்களோடு நடித்தார். பிறகு அதே காட்சியைத் தனி அரங்கில் இன்னொரு முறை நடித்துக் காட்ட, உடல் அசைவைப் பதிவு செய்தார்கள். முகத்தை அனிமேட்டர்கள் அவருடைய நடிப்பைப் பார்த்துப் பார்த்துக் கையால் உருவாக்கினார்கள். 2005-ல் வந்த கிங் காங்கில் முகத்திலேயே புள்ளிகளை ஒட்டி முக அசைவையும் பிடித்தார்கள். 2009-ல் அவதார் படத்தில், தலையில் மாட்டிய ஒரு கம்பியின் நுனியில் சின்ன கேமரா நடிகரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

2011-ல் ரூபர்ட் வயட் இயக்கிய ரைஸ் ஆஃப் த பிளானட் ஆஃப் த ஏப்ஸ் வந்தபோதுதான் அந்த அறையின் சுவர் உடைந்தது. உருண்டைகளுக்குப் பதிலாகத் தாமே ஒளிவிடும் அகச்சிவப்பு எல்.இ.டி.களை உடையில் பொருத்தினார்கள். கேமராவின் ஷட்டர் திறக்கும் அதே கணத்தில் அவை மின்னும்படி ஒத்திசைத்தார்கள். வெயிலிலும் புள்ளிகள் தெரிந்தன. இதனால் என்ன ஆயிற்று? செர்கிஸ் மனித நடிகர்களின் எதிரிலேயே, அதே வெளிச்சத்தில், அதே கேமராவுக்கு முன்னால் நடிக்க முடிந்தது. எதிரே இருப்பவர் வெற்றிடத்தைப் பார்த்து நடிக்க வேண்டியதில்லை. ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தார்கள். தொழில்நுட்பமாக இது சின்ன மாற்றம். நடிப்புக்கு இதுதான் எல்லாம்.

2014-ல் மேட் ரீவ்ஸ் பொறுப்பேற்று எடுத்த இரண்டாம் படத்தில், டான் ஆஃப் த பிளானட் ஆஃப் த ஏப்ஸில், இதே கருவிகளைக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாக் காடுகளுக்குள், மழைக்கும் சேற்றுக்கும் நடுவில் கொண்டுபோனார்கள். 2017-ல் வந்த மூன்றாம் படம் பனிக்குள் போனது. பெரிய சென்சார் கொண்ட அலெக்ஸா 65 கேமராவில், மைக்கேல் செரசின் ஒளிப்பதிவில். அந்தக் கேமரா முகத்துக்கு அருகே போனால் ஒன்றையும் மறைக்காது. ஒரு மயிர் தப்பாக விழுந்தாலும் தெரியும்.

இப்போது சீசரின் ஒரு குளோசப் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். செர்கிஸ் நடித்து முடிக்கிறார். பிறகு அவர் இல்லாமல் அதே கேமரா நகர்வை மறுபடி எடுத்துக்கொள்கிறார்கள். இதைக் கிளீன் பிளேட் என்போம். சில சமயம் அந்த வெற்றுப் பிளேட் பயன்படும். பல சமயம் நல்ல நடிப்பு நடிகர்கள் சேர்ந்து நின்ற ஷாட்டில்தான் இருக்கும். அங்கே சாம்பல் உடைக்காரரை ஃப்ரேம் ஃப்ரேமாக அழிக்க வேண்டும். ஒரு விநாடிக்கு 24 ஃப்ரேம். அவர் கை ஒரு சிறுமியின் தோளில் இருந்தால், அந்தக் கை மறைத்த சட்டையை நாம் புதிதாக வரைய வேண்டும். மனிதக் கை இருந்த இடத்தில் சிம்பன்சியின் கை அப்படியே உட்காராது. அது நீளமானது, விரல்கள் வேறு. விளிம்பில் இடைவெளி தெரியும், அதையும் நிரப்ப வேண்டும். யாரும் கவனிக்காமல் போவதே இந்த வேலையின் வெற்றி. ஆனாலும் நான் கவனிப்பேன், அந்தக் கைகளுக்குரிய மரியாதையாக.

அடுத்து உடல். பதிவான அசைவை முதலில் செர்கிஸின் உடல் அளவில் செய்த ஒரு கணினி எலும்புக்கூட்டில் ஏற்றுவார்கள். அதிலிருந்து சீசரின் எலும்புக்கூட்டுக்கு மாற்றுவார்கள். மனிதனுக்குக் கால் நீளம், சிம்பன்சிக்குக் கை நீளம். நாலு காலில் ஓட வேண்டிய காட்சிகளில் நடிகர்கள் கைகளில் ஊன்றுகோல் போன்ற நீட்டிப்புகளைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். ராக்கெட் என்ற சிம்பன்சியாக நடித்த டெர்ரி நோட்டரிதான் எல்லோருக்கும் அசைவுப் பயிற்சி கொடுத்தவர். சர்க் டு சொலே என்ற சர்க்கஸ் குழுவில் இருந்தவர். மூன்று படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் சீசரின் முதுகு நிமிர்ந்துகொண்டே வருவது தெரியும். முதல் படத்தில் அவன் தரையோடு இருக்கிறான். கடைசிப் படத்தில் நிமிர்ந்து நடக்கிறான், அதுவும் பாரம் சுமப்பவன் போல. அந்த நிமிர்வு திரைக்கதையில் எழுதியதல்ல, செர்கிஸின் இடுப்பிலும் தோளிலும் இருந்தது.

முகம்தான் கடினம். 1978-ல் பால் எக்மன், வாலஸ் ஃப்ரீசன் என்ற இரண்டு உளவியலாளர்கள் மனித முகத்தில் ஏற்படக்கூடிய ஒவ்வொரு தசை அசைவுக்கும் எண் கொடுத்து ஒரு பட்டியல் தயாரித்தார்கள். உள்புருவம் உயர்வது, கீழிமை இறுகுவது, உதட்டோரம் கீழே இழுபடுவது என்று தனித்தனியாக. முக அனிமேஷனுக்கு இன்று அதுதான் அரிச்சுவடி. செர்கிஸின் முகத்தில் இருக்கும் புள்ளிகளிலிருந்து எந்தத் தசை எவ்வளவு வேலை செய்தது என்று கணக்கெடுத்து, அதைச் சீசரின் முகத்துக்குக் கொடுக்கிறார்கள்.

ஆனால் அப்படியே கொடுத்தால் வேலைக்கு ஆகாது. சிம்பன்சிக்கு வாய்ப்பகுதி முன்தள்ளி இருக்கும், மூக்கு தட்டை, புருவ எலும்பு கண்மேல் கூரை மாதிரி கவிந்திருக்கும். செர்கிஸ் லேசாக நெற்றி சுருக்கினால் அவர் முகத்தில் அது கவலை. அதே அளவு சுருக்கத்தைச் சீசரின் கனத்த புருவத்தில் போட்டால் கோபம் போலத் தெரியும், அல்லது ஒன்றுமே தெரியாது. சிரிப்பு இன்னும் மோசம். பல் தெரிய உதட்டை இழுப்பது சிம்பன்சிகளிடம் பெரும்பாலும் பயத்தின், பணிவின் அடையாளம். பேச்சும் அப்படித்தான்: ப, ம போன்ற ஒலிகளுக்கு உதடு ஒட்ட வேண்டும், நீண்டு தள்ளிய வாயில் அந்த ஒட்டலை மனிதனைப் போலச் செய்தால் பொம்மலாட்டப் பொம்மை மாதிரி ஆகிவிடும்.

ஆக, அனிமேட்டர் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். இடது பக்கம் புள்ளி வைத்த செர்கிஸ், வலது பக்கம் சீசர். தசை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது முதல் சுற்று. அதன்பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இடதுபக்கம் இருப்பவன் எதை மறைக்கப் பார்க்கிறான், அதையே வலதுபக்கம் இருப்பவனும் மறைக்கப் பார்ப்பது தெரிகிறதா? தெரியவில்லை என்றால் கையால் திருத்த வேண்டும். எவ்வளவு திருத்த வேண்டும் என்று எந்த மென்பொருளும் சொல்லாது. அனிமேட்டரும் நடிப்பை அறிந்தவராக இருந்தால்தான் முடியும். "பொத்தானை அழுத்தினால் நடிகர் குரங்காகிவிடுவார்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இது பெரிய சண்டையாகவும் ஆனது. செர்கிஸ் ஒரு கட்டத்தில் இதை "டிஜிட்டல் மேக்கப்" என்று வர்ணித்தார். நடிகருக்கு மேல் பூசும் ஒப்பனைதான், அதைக் கணினியில் பூசுகிறார்கள் என்ற பொருளில். அனிமேட்டர்கள் பலர் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார்கள். என் அபிப்பிராயம்: அவர் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டாம், ஆனால் அவர் எதற்காகப் போராடினார் என்பது எனக்குப் புரிகிறது. அவர் முகம் திரையில் இல்லை என்பதாலேயே அவர் நடித்ததே இல்லை என்று பேசியவர்கள் இருந்தார்கள். அதற்குப் பதில் சொல்லப்போய், அந்த முகத்தைச் செய்தவர்களை ஒப்பனைக்காரர் என்று குறுக்கிவிட்டார். மூன்று படங்களும் விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டன, மூன்றும் தோற்றன. முதல் முறை ஹ்யூகோவிடம், அடுத்து இன்டர்ஸ்டெல்லரிடம், கடைசியில் பிளேட் ரன்னர் 2049-இடம். செர்கிஸுக்கு நடிப்பில் பரிந்துரையே இல்லை. நடிப்பு என்று ஏற்கவும் இல்லை, எஃபெக்ட்ஸ் என்று பரிசு தரவும் இல்லை. கடைசிப் படத்துக்கான தோல்வி மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஏன் கடைசிப் படம்?

1968-ல் வந்த முதல் பிளானட் ஆஃப் த ஏப்ஸில் ஜான் சேம்பர்ஸ் செய்த ரப்பர் முகமூடிகள் புகழ்பெற்றவை. அப்போது ஒப்பனைக்கென்று ஆஸ்கர் பிரிவே கிடையாது. அவருக்குச் சிறப்பு விருது கொடுத்தார்கள். அதில் கார்னீலியஸ் என்ற சிம்பன்சியாக நடித்த ராடி மெக்டவல் சக நடிகர்களுக்குச் சொன்ன அறிவுரை ஒன்று உண்டு: முகத்தை அசைத்துக்கொண்டே இருங்கள், மூக்கைச் சுளியுங்கள், கன்னத்தைத் துடிக்க விடுங்கள், இல்லாவிட்டால் முகமூடி செத்த பொருளாகத் தெரியும். முகமூடிக்கு உயிர் வேண்டுமென்றால் அசைவு வேண்டும். சும்மா இருக்கவே முடியாது.

2017-ன் சீசர் சும்மா இருக்கிறான். இந்தப் படத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியது முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. முதல் படத்தில் அவன் வாய் திறந்து "நோ" என்று கத்தும் காட்சியில் அரங்கம் அதிர்ந்தது. இரண்டாம் படத்தில் குதிரைமேல் போர். மூன்றாம் படத்துக்குப் பெயரே போர் என்றாலும், அதில் முக்கியமானவை எல்லாம் ஒரு முகம் இன்னொரு முகத்தை அமைதியாகப் பார்க்கும் நேரங்கள்தான். ஐம்பது ஆண்டுகளில் அந்தத் தொழில் கற்றுக்கொண்டது குரங்கை ஓட வைப்பதற்கல்ல; உட்கார வைப்பதற்கு.

ரீவ்ஸ் இதை உணர்ந்தே எடுத்திருக்கிறார். கதையின் கருவும் அதுவே. முதல் படத்தில் அல்சைமர் நோய்க்கு மருந்து தேடிய ஆய்வில் பிறந்த பொருள், குரங்குகளுக்கு அறிவும் பிறகு பேச்சும் கொடுத்தது. மனிதர்களைக் கொள்ளைநோயாகத் தாக்கியது. மூன்றாம் படத்தில் அந்த வைரஸ் உருமாறி, பிழைத்திருக்கும் மனிதர்களின் பேச்சைப் பறிக்கத் தொடங்குகிறது. குரங்குகளில் பெரும்பாலோர் சைகை மொழியில் பேசுகிறார்கள். நோவா என்ற சிறுமிக்குப் பேச்சே இல்லை. அமையா மில்லர் ஒரு சொல் இல்லாமல் அந்தப் பாத்திரத்தைச் செய்திருக்கிறார். பேச்சு ஓர் இனத்தை விட்டு இன்னோர் இனத்துக்குப் போகும் இடைக்காலத்தின் கதை இது. இடையில் மிஞ்சுவது முகம் மட்டும். முகத்தைப் பிடிப்பதற்கென்றே வளர்ந்த ஒரு கருவிக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைத்திருக்காது.

உட்டி ஹாரல்சன் நடித்த, மனிதப் படையின் தலைவரான கர்னல், சங்கிலியில் கட்டிய சீசரிடம் தன் கதையைச் சொல்லும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்த மகனுக்கே நோய் வந்து பேச்சு போனபோது அவனைத் தானே சுட்டுக் கொன்றதாகச் சொல்கிறார். நீளமான காட்சி. பேசுவது முழுக்க ஹாரல்சன். செர்கிஸ் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறார். நாடக மேடை தெரிந்தவர்களுக்குத் தெரியும், பேசுவதைவிடக் கேட்பது கடினம் என்று. அதே கர்னல்தான் சீசரின் மனைவியையும் மூத்த மகனையும் கொன்றவர். பழிவாங்கப் புறப்பட்டு வந்த சீசர், தன்னைப் போலவே மகனை இழந்த ஒருவன் எதிரே இருப்பதைப் புரிந்துகொள்கிறான். புரிந்துகொள்வது அவனுக்குப் பிடிக்கவில்லை. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் அந்த ரோம முகத்தில் ஓடுகின்றன. இமை சற்றே கனக்கிறது, தாடை பூட்டிக்கொள்கிறது, பார்வை அரை அங்குலம் விலகித் திரும்புகிறது. அவ்வளவுதான். நான் இந்தக் காட்சியை வேலை நிமித்தமாகப் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். எந்த ஃப்ரேமில் நிறுத்தினாலும் உள்ளே ஒருவர் இருக்கிறார்.

தமிழ் வாசகர்களுக்கு மோஷன் கேப்சர் என்ற சொல்லைப் பரவலாக்கியது 2014 மே மாதம் வந்த கோச்சடையான். அதே ஆண்டு ஜூலையில் இரண்டாம் குரங்குப் படமான டான் வந்தது. இரண்டையும் ஒப்பிட்டு நம்மவர்களைக் கேலி செய்தவர்கள் ஏராளம். அது நியாயமில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். செலவும் கால அவகாசமும் ஒருபுறம் இருக்கட்டும். எடுத்துக்கொண்ட பணியே வேறு. மனித முகத்தைச் செய்வதைப்போல் கொடுமையான வேலை இந்தத் துறையில் இல்லை. பிறந்ததிலிருந்து நாம் பார்ப்பது மனித முகம். ஒரு துளி பிசகினாலும் கண் காட்டிக்கொடுத்துவிடும். ஏறக்குறைய மனிதன் போலவே இருந்து முழுதாக மனிதனாக இல்லாத உருவம் நமக்கு அருவருப்பைத் தருகிறது என்று மாசாஹிரோ மோரி என்ற ஜப்பானியப் பேராசிரியர் 1970-லேயே எழுதினார். அதிலும் கோச்சடையானில் செய்ய வேண்டியிருந்தது ரஜினிகாந்தின் முகம். அந்த முகத்தின் ஒவ்வொரு அசைவும் தமிழ்நாட்டுக்கு மனப்பாடம். சிம்பன்சியின் முகத்தை நாம் அப்படி அறியோம். அதனால் கொஞ்சம் மன்னிக்கிறோம். சீசரின் வெற்றியில் அந்த மன்னிப்புக்கும் பங்குண்டு.

சீசரைப் பற்றி மட்டுமே பேசி மற்றவர்களை விட்டுவிடக் கூடாது. மாரிஸ் என்ற ஒராங்குட்டானாக மூன்று படங்களிலும் நடித்தவர் கரின் கோனோவல், ஒரு பெண். ஆண் ஒராங்குட்டான்களுக்கு இரு பக்கமும் அகன்ற கன்னத் தட்டுகள் இருக்கும். பார்க்க உணர்ச்சியற்ற சுவர் மாதிரி. அந்தச் சுவருக்கு நடுவில் இரண்டு சின்னக் கண்கள். கோனோவல் சியாட்டில் விலங்குக் காட்சிசாலையில் டோவன் என்ற முதிய ஒராங்குட்டானோடு பழகி, அதன் நிதானத்தைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டார். நோவாவை விட்டுவிட்டுப் போகலாம் என்று சீசர் சொல்லும்போது மாரிஸ் மறுக்கும் இடத்தில் அந்தக் கண்கள் செய்வதைப் பாருங்கள். ஸ்டீவ் ஸானின் பேட் ஏப் வேறு ரகம். காட்சிசாலையில் இருந்து, தானாகவே பேசக் கற்றுக்கொண்ட சிம்பன்சி. குளிருக்கு மனித உடையும் குல்லாயும் போட்டுக்கொண்டு வருகிறான். படத்தில் சிரிப்பு அவனால்தான். ரோமத்துக்கு மேல் துணி, துணிமேல் பனி என்று அவனைச் செய்தவர்களுக்கு அது சிரிப்பாக இருந்திருக்காது.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கடைசிப் படத்தின் பின்பாதி ஒரு சிறைமுகாமில் நடக்கிறது. பிடிபட்ட குரங்குகளைச் சோறு தண்ணீரில்லாமல் கல் சுமக்க வைத்து மதில் கட்டுகிறார் கர்னல். இந்தப் பகுதியை எழுதும் முன் ரீவ்ஸும் இணை எழுத்தாளர் மார்க் போம்பேக்கும் பார்த்த பழைய படங்களில் ஒன்று த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அது தற்செயலா தெரியாது, ஆனால் வட்டம் அழகாக மூடுகிறது. 1963-ல் மனிதக் குரங்குகளின் கோளைப் பற்றி மூல நாவல் எழுதிய பிரெஞ்சுக்காரர் பியர் பூல்தான் குவாய் பாலத்து நாவலையும் எழுதியவர். போருக்கு முன் மலாயாவின் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். போரில் கைதியாகிக் கட்டாய வேலை செய்து, தப்பி வந்தவர். குவாய் படத்துக்குப் பெயர் போடாமல் திரைக்கதை எழுதிய, கம்யூனிஸ்ட் என்று ஹாலிவுட் ஒதுக்கிவைத்த கறுப்புப் பட்டியலில் இருந்த மைக்கேல் வில்சன்தான் 1968-ன் குரங்குப் படத்துக்கும் இணை எழுத்தாளர். குவாய் பாலத்தைப் படத்துக்காகக் கட்டியது இலங்கையின் கித்துல்கலவில், களனி ஆற்றின் மேல்.

அந்தப் பாலத்துக்குப் பின்னால் இருக்கும் உண்மையான ரயில்பாதை 1942–43-ல் ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா பாதை, ஏறக்குறைய 415 கிலோமீட்டர். அதில் நேச நாட்டுப் போர்க்கைதிகளைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் இருந்தார்கள். அவர்களில் பல்லாயிரம் பேர் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள். காலராவிலும் பட்டினியிலும் காட்டுக்குள்ளேயே செத்தவர்கள். நமக்கு அது மரண ரயில். குவாய் படம் பிரிட்டிஷ் கைதிகளின் கதையைத்தான் சொன்னது; நம்மவர்கள் அதில் இல்லை. மூன்றாம் குரங்குப் படத்தில் மதிலுக்குக் கல் சுமந்து விழும் ஒரு கிழட்டு ஒராங்குட்டானைச் சவுக்கால் அடிக்கும் காட்சியில் எனக்கு அந்தத் தோட்டத்து மனிதர்களின் நினைவு வராமல் இருந்ததில்லை. இதைப் படத்தின் நோக்கம் என்று சொல்லவில்லை. படத்தின் வேர் போகும் மண்ணில் நம் ஆட்களின் எலும்பும் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

குறையே இல்லாத படம் என்றும் நான் சொல்லமாட்டேன். முகாமிலிருந்து தப்பிக்கும் வழி மிகவும் எளிதாகக் கிடைத்துவிடுகிறது. தரைக்கடியில் சுரங்கம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. பாதுகாப்பு அவ்வளவு பலமான இடத்துக்குள் நோவா இரவில் நடந்தே வந்து சீசருக்குத் தண்ணீர் கொடுக்கிறாள், யாரும் பார்ப்பதில்லை. கடைசியில் வரும் பனிச்சரிவு எதிரிப்படையை மொத்தமாக மூடிவிடுவதும் கதாசிரியருக்கு வசதியான முடிவுதான். மோசேயின் கதையை ஞாபகப்படுத்தத்தான் அப்படி வைத்தார்கள் என்பது தெரிகிறது: மக்களைப் பாலைவனம் தாண்டிக் கூட்டிவந்து, வாக்களித்த நிலத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சாகும் தலைவன். தெரிந்தாலும் அந்த இடம் எனக்கு மற்ற காட்சிகள் அளவுக்கு ஒட்டவில்லை.

முந்தைய இரண்டையும் பார்க்காமல் இதைப் பார்க்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம். கதை புரியும், முகம் புரியாது. இரண்டாம் படத்தில் கோபா என்ற சிம்பன்சி மனிதர்கள்மேல் இருந்த வெறுப்பில் துரோகம் செய்கிறான். குரங்கு குரங்கைக் கொல்லாது என்பது சீசர் வகுத்த முதல் சட்டம். அதை மீறி அவனே கோபாவைச் சாக விடுகிறான். மூன்றாம் படத்தில் கோபா கனவாக வந்து நிற்கிறான். மனைவியையும் மகனையும் இழந்த பிறகு சீசருக்கு வரும் வெறுப்பு கோபாவுடைய அதே வெறுப்பு. டோபி கெபல் நடித்த கோபாவின் முகத்தை அறிந்திருந்தால்தான், சீசரின் முகத்தில் எப்போது அவன் சாயல் வந்து போகிறது என்று தெரியும்.

முடிவுக்குச் சற்று முன்னால் சீசர் துப்பாக்கியோடு கர்னலின் அறைக்குள் போகிறான். நோவாவின் பொம்மை வழியாக நோய் கர்னலுக்கும் வந்துவிட்டிருக்கிறது. வாயைத் திறக்கிறார், சொல் வரவில்லை. தன்னைச் சுடச் சொல்லிக் கண்ணால் கெஞ்சுகிறார். முழுப்படமும் சீசர் வேண்டிக்கொண்டிருந்த கணம் அது. பேசத் தெரிந்த குரங்கும் பேச்சு போன மனிதனும் எதிரெதிரே. இருவரும் ஒன்றும் சொல்வதில்லை. சீசர் துப்பாக்கியைத் தாழ்த்துகிறான். கர்னல் தன் கதையைத் தானே முடித்துக்கொள்கிறார்.

அடுத்தமுறை பார்க்கும்போது அந்த இரண்டு நிமிடங்களுக்கு ஒலியை நிறுத்திவிடுங்கள். மைக்கேல் ஜக்கீனோவின் இசை அருமையானது, இருந்தாலும் நிறுத்துங்கள். முதலில் ஹாரல்சனின் முகத்தை மட்டும் பாருங்கள், சதையும் வியர்வையுமான முகம். பிறகு பின்னால் போய், சீசரின் கீழிமையை மட்டும் பாருங்கள். அந்த ஈரம் செர்கிஸின் கண்ணில் இருந்தது. அங்கே கொண்டுவந்து வைத்தது வெல்லிங்டனில் ஒரு மேசைமுன் உட்கார்ந்திருந்தவர்.